மரையா, மரையின்மையா? சிங்கப்பூர்ச் சைக்கிளின் கழுத்து பற்றி ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காவுக்குப் போகிறவர்கள் சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்துகளில் கம்பியோரம் பூட்டி நிற்கும் சைக்கிள்களைச் சற்றுக் குனிந்து பார்க்க வேண்டும். சிலவற்றில் ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம் மெலிந்த தண்டாக ஃபோர்க் குழாய்க்குள் இறங்கியிருக்கும். கழுத்தில் பெரிய அறுகோண நட்டு தெரியும். இது மரை வகை. வேறு சிலவற்றில் தடித்த ஸ்டெம் குழாயை வெளியிலிருந்து கவ்வியிருக்கும். பின்புறம் இரண்டு போல்ட், உச்சியில் ஒரு மூடி. இது மரையில்லா வகை. இவ்விரண்டில் எதைத் தேர்வது என்று பேசுவோர் பெரும்பாலும் எடையைத்தான் பேசுகிறார்கள். சிங்கப்பூரில் இதைத் தீர்மானிக்க வேண்டியவை ஈரமும் ஓட்டுபவரின் கையிலுள்ள கருவியுமே என்பது என் வாதம்.

2. மரை வகை

ஃபோர்க் குழாயின் உச்சியில் மரை வெட்டியிருக்கும். அதில் மேல் கப்பைத் திருகி, வாஷர் வைத்து, பூட்டு நட்டால் இறுக்குவார்கள். கழுத்து சுழலும் குண்டுத் தாங்கியான பால்ரஸ்ஸின் இறுக்கம் இவ்வளவோடு முடிந்தது. ஸ்டெம் தனி உறுப்பு. உள்ளே நுழைந்து, நீண்ட போல்ட் இழுக்கும் ஆப்பினால் குழாயோடு இறுகி நிற்கிறது. இந்தப் பிரிவினையே இதன் பலம். போல்ட்டை இரண்டு சுற்றுத் தளர்த்தி, தலையில் மரக்கட்டை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் ஆப்பு விடும். பால்ரஸ்ஸைத் தொடாமலே ஹேண்டிலை உயர்த்தலாம். ஒரே சைக்கிளை நெட்டையர் காலையிலும் குட்டையர் மாலையிலும் எடுக்கும் தங்குவிடுதிகளுக்கு இதைவிட வசதி கிடையாது. ஸ்டெம்மில் பொறித்த எல்லைக்கோடு மட்டும் வெளியே தெரியக் கூடாது.

அளவில்தான் ஆபத்து. ஒரு அங்குலக் குழாய்க்கு ஸ்டெம் தடிமன் பொதுவாக 22.2 மி.மீ.; சில பழைய பிஎம்எக்ஸ் வண்டிகளில் 21.1. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பழைய பொருள் விற்ற சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10-இல் மூடப்பட்ட பிறகும் பழைய சைக்கிள்கள் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. உதிரி வாங்கப் போகிறவர் வெர்னியர் அளவுகோலோடு போவது நல்லது.

3. மரையில்லா வகை

அமெரிக்கரான ஜான் ரேடர் உருவாக்கிய இந்த அமைப்பை 1990களின் தொடக்கத்தில் டயா-கோம்ப் நிறுவனம் ‘அஹெட்செட்’ என்ற பெயரில் பரப்பியது. முதலில் மலைச் சைக்கிள்களில் நுழைந்து, பிறகு எல்லா வகையிலும் பரவியது. மரை வகையின் பூட்டு நட்டைத் திருப்பும் 32 மி.மீ. ஸ்பேனர் இதற்குத் தேவையில்லை, சட்டைப்பையில் அடங்கும் ஆலன் கீ போதும்.

வழக்கமாக நடக்கும் தவறு ஒன்று உண்டு. ஹேண்டில் ஆடினால் உச்சி மூடியை முறுக்குகிறார்கள். பக்க போல்ட்டுகள் இறுகியிருக்கும்போது மூடியால் எந்தப் பயனும் இல்லை. முதலில் பக்க போல்ட்டுகளைத் தளர்த்த வேண்டும்; மூடியை ஆட்டம் நிற்கும் அளவுக்கு மட்டும் திருக வேண்டும்; ஹேண்டிலை நேராக்கிய பின் பக்க போல்ட்டுகளை இறுக்க வேண்டும். உயரம் மாற்றுவது எளிதல்ல. குழாயில் கோத்த இடைவெளி வளையங்களை ஸ்டெம்முக்கு மேலும் கீழும் மாற்றலாம். குழாயை ஒருமுறை வெட்டிவிட்டால் பிறகு வளராது.

4. ஈரம்

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 171 நாள் மழை. அளவு 2,113 மி.மீ. அதோடு வியர்வை உப்பு. அலுமினிய ஸ்டெம் இரும்புக் குழாய்க்குள் நிற்க, நடுவில் உப்புநீர் இறங்கினால் அலுமினியம் வெண்பொடியாக அரித்து வீங்கி, குழாயோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு பால்ரஸ் மாற்றவும் வழியில்லை. ஸ்டெம்மை உருவாமல் பூட்டு நட்டைக் கழற்ற முடியாது. மரையில்லா வகையில் ஸ்டெம் வெளியே இருப்பதால் இந்தப் பிணைப்பு அரிது. போல்ட் துருப்பிடித்தாலும் புதிதாக மாற்றிவிடலாம்.

5. தெரிவு

புதிதாக வாங்கித் தினமும் மழையில் ஓட்டுபவர், பராமரிக்க நேரமில்லாதவர் மரையில்லா வகையை எடுக்கட்டும். பலர் பகிரும் பழைய இரும்பு வண்டிக்கும், நடைபாதையின் மணிக்கு 10 கி.மீ. வேக வரம்புக்குள் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுபவருக்கும் மரை வகையே பொருந்தும். ஒன்றை மற்றொன்றாக்குவதை நான் ஆதரிக்கவில்லை. மரை வெட்டிய குழாயின் மேல் மரையில்லா ஸ்டெம்மை நேரே மாட்டுவது ஆபத்து. வேண்டுமானால் அடாப்டர் போடலாம்.

எந்த வகையானாலும், முன் பிரேக்கைப் பிடித்து, கழுத்து இணைப்பில் விரல் வைத்து, வண்டியை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். விரலில் ‘டக்’கென்று தட்டினால் அதைச் சரிசெய்யாமல் சாலையில் இறங்காதீர்கள். மரை வகை வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஸ்டெம்மை முழுதாக உருவி, துடைத்து, கிரீஸ் பூசி மாட்டுங்கள்.