67,46,32,83,88,800

ஏறத்தாழ ஆறே முக்கால் லட்சம் கோடி மதிப்புள்ள உயர் பகு எண். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு வகுத்திகளைக் கொண்டதே உயர் பகு எண். 1915-இல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் சீனிவாச இராமானுஜன் வெளியிட்ட உயர் பகு எண் அட்டவணையின் கடைசி எண் இது.

பகாக் காரணிகள்: 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23.

வகுத்திகளின் எண்ணிக்கை: அடுக்குகள் ஒவ்வொன்றுடனும் 1 கூட்டிப் பெருக்கினால், 7 × 5 × 3 × 3 × 2⁵ = 10,080.

அமைப்பு: 2 முதல் 23 வரை ஒரு பகா எண்ணும் விடுபடவில்லை, பகா எண் பெரிதாகும்போது அடுக்கு ஒருபோதும் கூடுவதில்லை. உயர் பகு எண்கள் அனைத்துக்கும் பொதுவான இவ்வொழுங்கை ஆழ்ந்து ஆராய்ந்தது இராமானுஜனின் அரும்பணி. தலைப்பிலுள்ள எண்ணை 23-ஆல் வகுத்தால் கிடைக்கும் 2,93,31,86,25,600-உம் உயர் பகு எண்ணே. அதன் வகுத்திகள் 5,040.