தோட்ட டிராக்டரின் காலம்

பழம்பொருளின் காலத்தை வரையறுத்தல் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன கல்வெட்டும் செப்பேடும் பழங்காசுமே. ஆயின், அறுபது ஆண்டுகளுக்கு முன் ஆலையில் உருவான ஓர் இரும்பு வண்டியும் அதே வினாவை நம்முன் வைக்கக்கூடும். அமெரிக்க நாட்டில் வீட்டுக் கொட்டகைகளில் துருவேறி நிற்கும் தோட்ட டிராக்டர்கள் அத்தகையவை. "இஃது எந்த வகை? எந்த ஆண்டில் செய்தது?" என்று உரிமையாளர் கேட்கிறார். பொருத்தமான உதிரிப் பாகம் வாங்குவதற்கு இந்த விடை தேவை என்பது உண்மையே. ஆனால் வினா கடைத்தெருவோடு முடிந்துவிடுவதில்லை. தந்தையார் அவ்வீட்டுக்கு எப்பொழுது குடிவந்தார், வண்டியைச் செய்த கைகள் எவ்வூர்த் தொழிலாளருடையவை என்பனவும் அதனுள் அடங்கிக் கிடக்கின்றன.

இவ்வண்டிகள் தோன்றிய வரலாற்றைச் சுருங்கக் காண்போம். மேற்கு வர்ஜீனியாவில் புகைப்படக் கலைஞராக விளங்கிய பெஞ்சமின் கிரேவ்லி என்பார் 1916-இல் ஒரு மோட்டார் ஏருக்குக் காப்புரிமை பெற்றார். அது பின்னே நடந்து செலுத்தும் கருவி. இரண்டாம் உலகப் போருக்குப்பின் நகரங்களுக்கு வெளியே புதுக் குடியிருப்புகள் பெருகின. வீட்டைச் சுற்றிலும் அகன்ற புல்வெளி அமைந்தது. கையால் தள்ளும் புல்வெட்டி அதற்குப் போதவில்லை. கழனி உழும் டிராக்டரோ மிகப் பெரிது. இடையிலிருந்த தேவையை, அமர்ந்து ஓட்டும் சிறு டிராக்டர் நிறைவு செய்தது. புல் வெட்டுதல், பனி ஒதுக்குதல், பாத்தி உழுதல் ஆகிய மூன்றும் அதனால் இயன்றன. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 'கப் கேடட்' என்னும் வண்டியை 1961-இல் விற்பனைக்குக் கொணர்ந்தது. கென்டக்கி மாநிலத்து லூயிவில் ஆலையில் அது உருவாயிற்று. கோலர் நிறுவனத்தின் 7 குதிரைத்திறன் இயந்திரம் அதில் பொருத்தப்பட்டது. 1963-க்குள் 65,000-க்கு மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. இதனைக் கண்ட ஜான் டீர் நிறுவனமும் 1963-இல் '110' என்னும் வண்டியோடு களம் புகுந்தது.

இனி, அடையாளம் காணும் வழிக்கு வருவோம். வண்டியின்மீது பொறித்த பெயரே அதைச் செய்தவர் பெயர் என்று கொள்ளுதல் முதற் பிழை. விஸ்கான்சினில் போர்ட் வாஷிங்டன் என்னும் ஊரிலிருந்த சிம்ப்ளிசிட்டி நிறுவனம், தன் பெயரிலும் வண்டி விற்றது; அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனத்தின் பெயர் தாங்கிய பி-1 வண்டியையும் 1961 முதல் செய்து கொடுத்தது. நிறம் வேறு, பெயர் வேறு, தொழிலாளர் ஒருவரே. சியர்ஸ் கடைகளில் விற்ற டிராக்டர்களின் வகை எண் 917 என்று தொடங்குமாயின், அவ்விலக்கங்கள் வண்டியைச் செய்து கொடுத்த ஆலையைச் சுட்டும். பெயர்ப்பலகையை மட்டும் படிப்பவர்க்கு அந்த ஆலைத் தொழிலாளர் இருந்ததே தெரியாது போகும்.

அடுத்தது தொடர் எண். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்துக்கு இராசராசன் செப்புக் குடம் அளித்தது அவனது 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில் என்று கல்வெட்டுக் கூறுகிறது. அவன் 985-இல் அரியணை ஏறினான் என்பது தெரிந்த பின்னரே அஃது 1010 என்று நமக்குத் தெளிவாகிறது. தொடர் எண்ணும் அவ்வாறே. நிறுவனத்தின் எண் அட்டவணையோடு ஒப்பிட்டாலன்றி அது வாய் திறவாது. முதல் கப் கேடட் வண்டிகளின் எண்கள் 501-இல் தொடங்கின. இதை அறியாதவர், 510 என்ற எண்ணுடைய வண்டிக்கு முன் ஐந்நூறு வண்டிகள் ஓடின என்றே எண்ணுவார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இயந்திரத்தின்மேல் காணும் எண் இயந்திரத்துக்கு உரியதே தவிர, வண்டிக்கு உரியதன்று. கோலரின் 7 குதிரைத்திறன் இயந்திரமும் 8 குதிரைத்திறன் இயந்திரமும் புறத்தோற்றத்தில் பெரிதும் ஒத்தவை; பழையது பழுதுற்றால் மற்றொன்றை அவ்விடத்தில் எளிதாக அமர்த்தலாம். ஆதலின் இயந்திரத்தின் சாட்சியம் துணைச் சாட்சியமே. மாற்றுதற்கு அரிய உறுப்புகளையே நாம் முதலில் நாடல் வேண்டும். முதல் கப் கேடட்டில் இயந்திரத்தின் ஆற்றல் பெல்ட்டின் வழியாகக் கியர் பெட்டியை அடைந்தது. 1963-இல் அதன் இடத்துக்கு வந்த '70', '100' வண்டிகளில் சுழல்தண்டே அவ்வேலையைச் செய்தது. பெயர்ப்பலகை உதிர்ந்திருப்பினும், வண்டியின் அடியில் குனிந்து நோக்குவார்க்கு இவ்வேறுபாடு ஐயமின்றிப் புலப்படும்.

வண்ணப்பூச்சை நம்புதல் எல்லாவற்றினும் இடர் மிக்கது. ஜான் டீர் என்றாலே பச்சையும் மஞ்சளும் என்பது உலகறிந்தது. எனினும் 1969 முதல் 1971 வரை அந்நிறுவனம் வெள்ளை உடலும், சிவப்பு, நீலம், மஞ்சள், ஆரஞ்சு என்னும் நிறங்களில் பானெட்டும் இருக்கையும் கொண்ட வண்டிகளையும் விற்றது. பின்னாளில் பச்சை பூசப்பெற்ற வண்டியொன்றின் இருக்கைக்கடியில் மெல்லச் சுரண்டினால் வெள்ளை தோன்றக்கூடும். அழகு செய்யும் ஆர்வத்தில் பூச்சு முழுவதையும் மணல் வீசி அகற்றிவிட்டவர், தம் கையாலேயே சான்றை அழித்தவராவார். புதிதாய் அச்சிட்ட எண்தகடுகளை வாங்கி மாட்டுதலும் நமக்கு உடன்பாடன்று. திருப்பணியின்போது பழங் கல்வெட்டைப் புதுச் சுவரில் மீண்டும் வெட்டிய முன்னோர், அது படியே என்று குறித்து வைத்ததுண்டு. புதுத்தகடு அவ்வாறு ஒன்றும் சொல்வதில்லை.

"ஆண்டு" என்னும் சொல்லுக்கே பொருள் பல. கப் கேடட் ஆலையில் உருவாகத் தொடங்கியது 1960-இன் இறுதியில். விற்பனைக்கு வந்தது 1961-இல். ஒரு குடும்பம் அதை வாங்கிய ரசீதில் 1962 என்றும் இருக்கலாம். மூன்றும் மெய்யே. "தம்பி பிறந்த ஆண்டில் அப்பா வாங்கினார்" என்னும் வீட்டார் கூற்றை எண்ணின் துணைகொண்டு எள்ளுதல் தகாது. ஒன்று செய்த நாளைப் பேசுகிறது. மற்றது வீடு வந்த நாளைப் பேசுகிறது.

முடிவாக, எண்தகடு இழந்த 110 வண்டியொன்று நம்முன் நிற்பதாகக் கொள்வோம். அதன் பின்சக்கர மட்கார்டுகள் வளைந்திருக்கின்றன. 1968 முதல் அவை சதுர வடிவு பெற்றன. ஆகவே இது 1967-க்குப் பிற்பட்டதன்று. இயந்திரம் 8 குதிரைத்திறன் உடையது. 1963-இல் வந்தவை 7 குதிரைத்திறனே உடையன. எனவே 1964-க்கு முற்பட்டதன்று எனலாம். ஆனால் இயந்திரம் இடையில் மாற்றப்பட்டிருந்தால் 1963-ஐயும் விலக்க இயலாது. அப்பொழுது ஏட்டில் எழுதத்தக்கது இதுவே: "110, வளைந்த மட்கார்டு, 1963 முதல் 1967-க்குள், இயந்திரம் மாறியிருக்கலாம்."