முதற் படியிலேயே நின்றுபோன கதை

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கு ஒரு புது ஆசை பிடித்தது. மேற்பார்வையாளர்களைக் கூப்பிட்டு இருத்தி, தொழிலாளரிடம் தன்மையாக நடப்பது எப்படி என்று வகுப்பெடுத்தார்கள். உழவு இயந்திரம் செய்த இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பனி இதற்கென்றே சிக்காகோவில் ஒரு பள்ளி நடத்தியது. போட்ட காசுக்குப் பலன் உண்டா என்று பார்க்க, ஒஹாயோ அரச பல்கலைக்கழகத்திலிருந்து எட்வின் ஃபிளெய்ஷ்மன் என்ற இளம் உளவியலாளர் வந்து சேர்ந்தார்.

பயிற்சியின் கடைசி நாளில் அவர் எடுத்த அளவீட்டில் எல்லாம் அமோகம். அங்கேயே அறிக்கையை முடித்திருந்தால் எல்லாருக்கும் சந்தோசம். மனிதர் விடவில்லை. ஆலைகளுக்கே போய், முன்பே பயிற்சி முடித்துத் திரும்பியவர்களையும் அளந்தார். சிக்காகோவில் ஏறிய தன்மை அங்கே காணாமல் போயிருந்தது. மேலதிகாரி எப்படியோ அப்படியே மேற்பார்வையாளரும் நடந்துகொண்டிருந்தார்! 1953இல் இந்த முடிவு அச்சேறியது. அப்படியென்றால் பயிற்சியை எந்த இடத்தில் வைத்து அளப்பது?

அதே கேள்வியோடு விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் டொனால்ட் கிர்க்பற்றிக். மேற்பார்வையாளர் பயிற்சியை மதிப்பிடுவதையே 1954இல் தன் கலாநிதிப் பட்ட ஆய்வாக்கினார். 1959 நவம்பரில் பயிற்சியாளர் சங்கச் சஞ்சிகையொன்றில் நான்கு கட்டுரைகளைத் தொடங்கினார். வந்தவருக்குப் பிடித்ததா, ஏதும் கற்றாரா, வேலையிடத்தில் நடத்தை மாறியதா, நிறுவனத்துக்கு விளைவு கிடைத்ததா என்று நாலு படி. (இதே நாலு படியை ரேமண்ட் கற்செல் முன்பே சொல்லியிருந்தார், 1956இல் கிர்க்பற்றிக்கே அதை எழுதியுமிருந்தார். பேர் என்னவோ இவருக்குத்தான் ஒட்டியது.) ஏணி தயார். ஏற வேண்டியதுதான் பாக்கி.

அங்கேதான் சறுக்கல். கடைசி இரண்டு படிக்கும் மாதக்கணக்கில் ஆளின் பின்னால் அலைய வேண்டும்; முதற் படிக்கு ஒரு தாளும் பேனாவும் போதும். நிறுவனங்கள் முதற் படியில் ஏறி அங்கேயே பாய் விரித்தன. 1997இல் ஜோர்ஜ் அலிஜரும் கூட்டாளிகளும் பழைய ஆய்வுகளையெல்லாம் ஒன்றுசேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். பயிற்சி பிடித்துப்போனதற்கும் கற்றுக்கொண்டதற்கும் தொடர்பு கிட்டத்தட்ட இல்லை! மேற்படிகளில் ஏறிப் பார்த்தவர் யாருமே இல்லையா?

இருந்தார்கள், அதுவும் இலங்கையில். 2009இல் சுரேஷ் டி மெல், டேவிட் மக்கென்சி, கிறிஸ்டோபர் வூட்ரஃப் மூவரும் கொழும்பு, கண்டிப் பகுதிப் பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வணிகப் பயிற்சி கொடுத்து, ஈராண்டு பின்தொடர்ந்தார்கள். ஏற்கெனவே தொழில் நடத்திய பெண்கள் வியாபாரப் பழக்கங்களைத் திருத்திக்கொண்டார்கள். இலாபம் மட்டும் அசையவில்லை. பயிற்சியோடு 15,000 ரூபா மானியமும் பெற்றவர்களுக்கு இலாபம் ஏறியது. இரண்டாம் ஆண்டில் அதுவும் கரைந்தது. புதிதாகத் தொழில் தொடங்க நினைத்த பெண்களுக்குத்தான் பயிற்சி கைகொடுத்தது. இதில் ஒன்றையும் கடைசி நாள் தாள் காட்டியிருக்காது. ஆனால் உலகம் சுற்றியது அந்தத் தாள்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து தீவுகளுக்குப் போகும் பண்ணைப் பாலத்தையும் அது கடந்தது. வேலணையிலோ ஊர்காவற்றுறையிலோ செயலமர்வு முடிகிற நேரம், பின்னேரத் தேநீரோடு நீட்டப்படும் மதிப்பீட்டுப் படிவம் அதுவேதான். வளவாளர் எப்படி, மண்டபம் எப்படி, சாப்பாடு எப்படி? குறிகட்டுவானில் படகு பிடிக்க வேண்டிய நெடுந்தீவு உத்தியோகத்தர் எல்லாவற்றுக்கும் ‘மிக நன்று’ என்று ஒரே இழுப்பில் சரி போட்டுவிட்டு எழும்புவார். மூன்றாம் படியில் ஏறிப் பார்ப்பதென்றால் சில மாதம் கழித்து வளவாளரும் அதே படகில் ஒரு மணித்தியாலம் போக வேண்டும். அதற்கான பயணப்படியை எந்தச் செலவுத் திட்டத்திலும் எழுதுவது அபூர்வம்.