பப்பரப்புளி: கனி முன்னே, மரம் பின்னே

ஒரு பொருளின் பெயரை அறிதல் வேறு. அப்பொருளையே அறிதல் வேறு. ஆப்பிரிக்கக் காட்டுக் கனிமரமாகிய பாவோபாப்பின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

இத்தாலிய மருத்துவர் புராஸ்பெரோ அல்பீனி எகிப்தில் தங்கி, அந்நாட்டுச் செடிகொடிகளைப் பற்றி 1592-ஆம் ஆண்டில் நூலொன்று வெளியிட்டார். கெய்ரோவில் மருந்தாக வழங்கிய பாவோபாப் கனியை அதில் குறித்தார். அம்மரமோ எகிப்துக்கு உரியதன்று. கனி கைக்கு வந்தது. மரம் கண்ணுக்கு வரவில்லை.

அம்மரத்தை விரிவாக ஆராயும் வாய்ப்பு மிசேல் ஆடன்சன் என்னும் பிரெஞ்சு அறிஞருக்குக் கிட்டியது. 1749-இல், தம் 22-ஆம் வயதில், அவர் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலை அடைந்தார். சோர் என்னும் தீவில் மாபெரும் மரமொன்றைக் கண்டு, இரு கைகளையும் விரித்து 13 முறை அணைத்து அளந்தார். பின்பு கயிறு கொண்டும் அளந்தார். சுற்றளவு 65 அடி!

பருமனை மட்டும் கொண்டு ஒரு மரத்தை இன்னதெனத் துணிதல் இயலாது. வறண்ட பருவத்தில் பாவோபாப் இலையின்றி மொட்டையாய் நிற்கும். மழைக்குப் பின்னரே கைவிரல் போல் விரிந்த இலைகள் தோன்றும். நீண்ட காம்பில் தொங்கும் வெண்மலர் இரவில் மலரும். மென்மயிர் போர்த்த கடிய ஓட்டினுள், புளிப்பான வெண்மாவில் விதைகள் பதிந்திருக்கும். ஒரு பருவத்தில் வந்து செல்வோர் இவை அனைத்தையும் காண இயலாது. ஆடன்சன் நான்கு ஆண்டுகளுக்கு மேல் அங்கே தங்கினார். உவோலோப் மக்களின் மொழியையும் பயின்றார். அம்மக்களோ மரத்தைக் 'கூய்' என்றும், கனியைப் 'பூய்' என்றும் முன்பே பிரித்தறிந்து வழங்கினர். ஐரோப்பிய அறிஞர் தேடியது அவர்தம் அன்றாட உணவாக இருந்தது.

1759-இல் லின்னேயஸ் இம்மரத்துக்கு 'அடன்சோனியா டிஜிட்டாட்டா' எனப் பெயரிட்டார். முன்சொல் ஆடன்சனையும், பின்சொல் விரல் போன்ற இலையையும் குறிக்கும். ஆயினும் ஆடன்சன் தம் பெயரை விடுத்து, பாவோபாப் என்றே எழுதி வந்தார்.

கடல் கடந்து வந்த இம்மரத்தைத் தமிழர் பெருக்கமரம், ஆனைப்புளி, பப்பரப்புளி எனப் பலவாறு அழைப்பர். மன்னாரில் நிற்கும் பெருமரத்தை அராபிய வணிகர் கொணர்ந்து நட்டனர் என்பது வழிவழிச் செய்தி. பப்பரம் என்பது அயல்நாடொன்றின் பெயர். புளி என்பது சுவையின் பெயர். மரம் வந்த திசையையும் கனியின் தன்மையையும் ஒரே சொல்லில் அடக்கியவர், நூலறிஞர் அல்லர். அதனைக் கண்டு, தொட்டு, சுவைத்த பொதுமக்களே ஆவர்.