பிளேஸ்டேஷன் 6-க்குள் எந்த சிப்? சோனி ஏஎம்டியை விட்டு விலகாதது ஏன்?

ஒரு புது கேம் கன்சோல் வரப்போகுதுன்னாலே, தேதி, விலை எல்லாம் வெளியாகும் முன்பே ‘உள்ள என்ன சிப்?’ என்ற பேச்சு ஆரம்பித்துவிடும். பிளேஸ்டேஷன் 6 விஷயத்திலும் அதேதான். ஆனால் இந்த முறை யூகத்துக்கு இடம் கொஞ்சம் குறைவு. சிப் ஏஎம்டியுடையது என்பது கிட்டத்தட்ட முடிவான சங்கதி. அது எப்படிப்பட்ட சிப் என்பதில்தான் கேள்வியே.

சிப் யாருடையதா இருந்தா நமக்கென்ன என்று கேட்கலாம். பிஎஸ்5-ல் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கும் கேம்கள் எல்லாம் புது மெஷினில் ஓடுமா, ஓடாதா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது இந்த சிப்தான்.

இன்டெல் கோட்டைவிட்ட ஒப்பந்தம்

பிஎஸ்6 சிப்புக்கான போட்டியில் இன்டெல், பிராட்காம், ஏஎம்டி ஆகியவை இருந்ததாகவும், 2022-ல் ஏஎம்டி ஜெயித்ததாகவும் 2024 செப்டம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. இன்டெலுக்கு அந்த ஒப்பந்தத்தின் மதிப்பு சுமார் 3,000 கோடி டாலர் வருமானம். ஒவ்வொரு சிப்பிலும் இன்டெலுக்கு எவ்வளவு லாபம் என்பதில் பேச்சு முறிந்ததாக அந்தச் செய்தி சொன்னது. அப்படி இல்லை என்று இன்டெல் மறுத்தது.

லாபக் கணக்கு ஒரு பக்கம். இன்னொரு பெரிய தலைவலி, பழைய கேம்கள். இன்டெலும் ஏஎம்டியும் ஒரே எக்ஸ்86 ரகம்தானே, அப்புறம் என்ன சிக்கல்? சிக்கல் கிராபிக்ஸ் பகுதியில் இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஒரு கேமை முதல் தடவை திறந்தால் ‘ஷேடர் தயாராகிறது’ என்று சில நிமிடம் காக்க வைக்கும், கவனித்திருப்பீர்கள். உங்கள் கிராபிக்ஸ் கார்டு புரிந்துகொள்ளும் மொழிக்கு கேம் அப்போதுதான் மாற்றப்படுகிறது. கன்சோலில் அந்தக் காத்திருப்பு கிடையாது. எல்லோரிடமும் இருப்பது ஒரே சிப் என்பதால், முன்கூட்டியே மாற்றித்தான் தருவார்கள். அதனால் கிராபிக்ஸ் சிப் கம்பெனி மாறினால், ஏற்கெனவே விற்ற கேம்கள் புது சிப்புக்குப் புரியாத பாஷையில் நிற்கும்.

பிஎஸ்3-ல் பட்ட பாடு

சோனிக்கு இது அனுபவத்தில் தெரியும். 2006-ல் வந்த பிஎஸ்3-ல் ஐபிஎம், தோஷிபாவுடன் சேர்ந்து உருவாக்கிய ‘செல்’ புராசசர் இருந்தது. ஒரு முக்கிய கோர், அதைச் சுற்றி சின்னச் சின்ன கோர்கள். பேப்பரில் பயங்கர வேகம். அமெரிக்க விமானப்படை 1,760 பிஎஸ்3-களை ஒன்றாக இணைத்து சூப்பர் கம்ப்யூட்டரே செய்தது! ஆனால் கேம் எழுதுபவர்களுக்கு அது நரகம். வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொரு கோருக்கும் கையால் ஊட்டிவிட வேண்டும். விலையும் அமெரிக்காவில் 599 டாலர் வரை போனது.

2013-ல் பிஎஸ்4-க்கு சோனி ஏஎம்டி பக்கம் வந்தது. விளைவு, பிஎஸ்3 டிஸ்க் பிஎஸ்4-ல் ஓடாது. பிஎஸ்5-ல் இன்றும் ஓடாது. கிளவுட் ஸ்ட்ரீமிங்தான் ஒரே வழி. மாறாக, பிஎஸ்4 கேம்களில் மிகப் பெரும்பாலானவை பிஎஸ்5-ல் அப்படியே ஓடுகின்றன. இரண்டுமே ஏஎம்டி குடும்பம்.

அப்போ பிஎஸ்6-ல் என்ன புதுசு?

பிஎஸ்5-ல் இருப்பது ஏஎம்டியின் ஜென் 2 ரக 8 கோர்கள், ஆர்டிஎன்ஏ 2 கிராபிக்ஸ், 16 ஜிபி மெமரி. 2024-ல் வந்த பிஎஸ்5 ப்ரோவில் கூட கிராபிக்ஸ்தான் பெரிதானது, கோர்கள் அதே ஜென் 2. ஆக, அடுத்ததில் கோர் விஷயத்தில் பெரிய தாவல் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். ஜென் 6 என்று ஒரு பேச்சு ஓடுகிறது, உறுதியாகவில்லை. ‘இத்தனை கோர், இத்தனை ஜிபி’ என்று சுற்றும் லீக் பட்டியல்களை ரசிக்கலாம், இப்போதைக்கு நம்ப வேண்டாம்.

நம்பத் தகுந்த தகவல் 2025 அக்டோபரில் வந்தது. பிஎஸ்5-ஐ வடிவமைத்த மார்க் செர்னியும் ஏஎம்டியின் ஜாக் ஹுயினும் ஒரே வீடியோவில் பேசினார்கள். கிராபிக்ஸ் யூனிட்டுகளைக் கோர்த்து ஒரே ஏஐ இன்ஜின் போல வேலை வாங்கும் ‘நியூரல் அரேஸ்’, ஒளி எங்கே பட்டு எங்கே தெறிக்கிறது என்று கணக்குப் போடவே தனியாக ‘ரேடியன்ஸ் கோர்ஸ்’, டேட்டாவைச் சுருக்கி மெமரி மீதான சுமையைக் குறைக்கும் ‘யுனிவர்சல் கம்ப்ரஷன்’. இவை இப்போதைக்கு சிமுலேஷனில் மட்டுமே உள்ளன, சில ஆண்டுகளில் ஒரு கன்சோலில் கொண்டுவர ஆசை என்றார் செர்னி. ‘பிஎஸ்6’ என்ற பெயரை மட்டும் சொல்லவில்லை.

போட்டியாளர் மைக்ரோசாஃப்ட்டும் அடுத்த எக்ஸ்பாக்ஸுக்கு ஏஎம்டிதான் என்று 2025 ஜூனில் அறிவித்துவிட்டது. நின்டெண்டோ ஸ்விட்ச் 2 மட்டும் என்விடியா பக்கம்.

இனி விலை. முன்பெல்லாம் கன்சோல் வந்து சில ஆண்டுகளில் சிப் சின்னதாகும், விலை இறங்கும். இப்போது தலைகீழ். 2020-ல் அமெரிக்காவில் 499.99 டாலருக்கு வந்த பிஎஸ்5, 2025 ஆகஸ்டில் 549.99 டாலர் ஆனது. போதாக்குறைக்கு ஏஐ டேட்டா சென்டர்கள் வாங்கிக் குவிப்பதால் மெமரி விலையும் ஏறியிருக்கிறது. யுனிவர்சல் கம்ப்ரஷனுக்கு சோனி இவ்வளவு முக்கியத்துவம் தருவதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால், பிஎஸ்6-ல் எத்தனை ஜிபி வைக்கப் போகிறார்கள் என்பதும் சிப் அளவுக்கே கவனிக்க வேண்டிய எண்.