பண்டிகைக் காலையில் பிள்ளைப் பங்கு

நெல்லித்தோப்பில் தீபாவளியன்று விடிவதற்கு முன்பே அடுப்புகள் எரியத் தொடங்கிவிடும். சென்ற தீபாவளியன்று எங்கள் வீட்டு அடுப்படியில் ஒரு சிறு வழக்கு நடந்தது. பேத்திக்கு அப்போது ஒன்பது மாதம். அவள் காணும் முதல் தீபாவளி. எண்ணெய் தேய்த்து நீராட்டி, ஓரத்தில் மஞ்சள் தடவிய புதுச்சட்டை அணிவித்து மடியில் இருத்தியாயிற்று. அவள் வாயில் முதலில் எதை வைப்பது என்பதுதான் வழக்கு. என் மனைவியின் கையில் அதிரசத்தின் ஒரு விள்ளல். மகளோ குறுக்கே கையை நீட்டி மறிக்கிறாள்.

"நல்ல நாளும் அதுவுமா, புள்ளை வாயில ஒரு துளி இனிப்புக்கூட வைக்காம இருக்கறதா?"

"ரெண்டு வயசு வரைக்கும் சர்க்கரையே வேணாம்னு டாக்டர் சொல்லியிருக்காரும்மா."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். இப்படிப்பட்ட நேரங்களில் புத்தக அலமாரியின் பக்கம் நழுவிவிடுவது என் நெடுநாள் வழக்கம். ஆனால் அன்று அலமாரியிடம் கேட்பதற்கு உண்மையாகவே ஒரு கேள்வி இருந்தது. பண்டிகைக் காலைகளில் நம் முன்னோர் பல் முளைக்காத பிள்ளைக்கும் தத்தி நடக்கும் பிள்ளைக்கும் எதைக் கொடுத்தார்கள்? மரபு என்று நாம் வாதாடுவது மெய்யாகவே மரபுதானா?

*

தமிழில் இக்கேள்விக்கு நேரடியாக விடை தருபவர் பெரியாழ்வார். 8 அல்லது 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் அவர், யசோதையாகத் தம்மைப் பாவித்துப் பாடிய திருமொழியில் கண்ணனை நீராட அழைக்கும் பதிகம் ஒன்று உண்டு. பிள்ளை தெருவெல்லாம் ஆடிப் புழுதியோடு வந்து நிற்கிறான். அன்று அவன் பிறந்த திருவோண நாள். தாய் எண்ணெயும் புளிப்பழமும் எடுத்து வைத்துக்கொண்டு கூப்பிடுகிறாள், அவன் ஓடுகிறான். அவள் கடைசியில் எடுக்கும் ஆயுதம் தின்பண்டம். அப்பம் சுட்டு வைத்திருக்கிறேன், பாலும் வெல்லமும் கலந்து செய்திருக்கிறேன், வேண்டுமானால் குளிக்க வா என்கிறாள். நாம் காலை உணவுக்கு இன்று வழங்கும் 'சிற்றுண்டி' என்ற சொல்லே அப்பாடலில் இருக்கிறது. எண்ணெய் நீராட்டு, அதன்பின் இனிப்பு என்ற வரிசை நம் தீபாவளிக் காலையின் வரிசையேதான்.

அதே நூலில் அண்டை வீட்டார் யசோதையிடம் முறையிடும் பகுதியில் இன்னொரு செய்தி கிடைக்கிறது. பன்னிரண்டு திருவோண நோன்புக்கென்று ஒரு பெண் உணவு சமைத்து வைக்கிறாள். செந்நெல் அரிசி, சிறுபருப்பு, வெல்லம், நறுநெய், பால் ஆகியவை அதன் பொருள்கள். பிள்ளை வந்து அத்தனையையும் விழுங்கிவிட்டு, இன்னும் வேண்டும் என்று நிற்கிறான். பொருள்களை மட்டும் ஒருமுறை வரிசைப்படுத்திப் பாருங்கள். தை முதல் நாளன்று நம் வாசலில் பொங்குவதும் ஏறத்தாழ இதுவே. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இந்தச் செய்முறை பெரிதாக மாறவில்லை என்பது வியப்புக்குரியது. பெரியாழ்வாரின் மகளாகப் போற்றப்படும் ஆண்டாள், அழகருக்கு நூறு தடா அக்காரவடிசில் நேர்ந்துகொண்டதும் இவ்விடத்தில் நினைவுக்கு வரும்.

இதுவரை படித்த அளவில் வழக்கு என் மனைவியின் பக்கம் சாய்ந்துவிட்டது. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தெருவில் ஓடி விளையாடும் பிள்ளை அவன், பல் முளைத்தவன். ஒன்பது மாதக் குழந்தைக்கு இப்பாடல்களைச் சான்று காட்ட இயலாது. ஆகவே இன்னும் பின்னே செல்ல வேண்டியிருந்தது.

*

சங்க நூல்களில் உண்ணும் குழந்தையின் மிகச் சிறந்த சித்திரம் புறநானூற்றின் 188ஆம் பாட்டு. பாடியவன் பாண்டியன் அறிவுடைநம்பி. எல்லாச் செல்வமும் உடைய மன்னன், பிள்ளை இல்லாத வாழ்வு பயனற்றது என்கிறான். அதற்கு அவன் காட்டும் காட்சி, நெய் கலந்த சோற்றைக் குறுநடைப் பிள்ளை கையால் அளைந்து, வாயில் கொஞ்சமும் மேனியில் மிச்சமுமாகப் பூசிக்கொள்வது. அச்சோற்றில் வெல்லம் இல்லை, தேன் இல்லை. அரிசியும் நெய்யும் மட்டுமே. யாரும் ஊட்டவும் இல்லை. குழந்தை தானே உண்கிறது. கில் ராப்ளி, டிரேசி மர்க்கெட் ஆகியோர் 2008இல் எழுதிய நூலுக்குப் பின் மேலைநாடுகளில் பரவிய, குழந்தையைத் தானே எடுத்து உண்ண விடும் முறையை இன்றைய இளம் பெற்றோர் புதுமையாகப் பேசுகிறார்கள். பாண்டிய மன்னன் வீட்டில் அது அன்றாட நடப்பு.

பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஓர் உவமை சொல்கிறார். நீரில் உதிர்ந்து கிடக்கும் குருக்கத்திப் பூக்கள், அப்பம் சுட்டு விற்கும் கூவியரின் பாகு சேர்ந்த அப்பம் பாலில் கிடப்பது போலத் தோன்றுகின்றனவாம். உவமை கேட்பவருக்குத் தெரிந்த பொருளிலிருந்துதான் பிறக்கும். எனவே பாலில் ஊறிய அப்பம் அக்காலத்தார் நன்கு அறிந்த உணவு. புதுச்சேரியில் தேங்காய்ப் பாலில் ஆப்பத்தை ஊறவைத்து உண்ணும் எவருக்கும் இந்த உவமைக்கு உரை தேவையில்லை.

ஆனால் அதே புறநானூற்றில் 160ஆம் பாட்டும் இருக்கிறது. குமணனிடம் பெருஞ்சித்திரனார் தம் வீட்டு நிலையைச் சொல்கிறார். பசித்த பிள்ளை வீட்டை வெறுத்து, கூழும் சோறும் இல்லாத வெறுங்கலத்தைத் திறந்து பார்த்து அழுகிறான். தாய் புலி வருகிறது என்று அச்சுறுத்திப் பார்க்கிறாள். நிலவைக் காட்டிப் பார்க்கிறாள். நாம் நிலவைக் காட்டிச் சோறு ஊட்டுகிறோம். அந்த வீட்டில் சோறு இல்லாததால் நிலவு காட்டப்பட்டது. பண்டிகைக் காலையில் பிள்ளை வாயில் ஓர் இனிப்பை வைத்தே தீரவேண்டும் என்று நம் மூத்த பெண்கள் துடிப்பதை இப்பாட்டோடு சேர்த்தே படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆண்டின் மற்ற நாள்களில் கலம் வெறுமையாக இருந்த தலைமுறைகளின் நினைவு அந்த ஒரு விள்ளலில் இருக்கிறது.

*

இட்டலியின் வரலாறும் இதையே சொல்கிறது. இன்று மருத்துவர் முதல் பாட்டி வரை எல்லாரும் ஒருமனதாகக் குழந்தைக்குப் பரிந்துரைக்கும் உணவு அது. ஆனால் அதன் தொடக்கம் வேறு. கன்னடத்தில் ஏறத்தாழ 920ஆம் ஆண்டைச் சேர்ந்த வட்டாராதனை 'இட்டலிகெ'யைக் குறிப்பிடுகிறது. 12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் மானசோல்லாசமும் அதைப் பேசுகிறது. அவையெல்லாம் உளுந்தால் செய்யப்பட்டவை, அரிசி சேரவில்லை. தமிழில் இப்பெயர் 17ஆம் நூற்றாண்டின் மச்சபுராணத்தில்தான் முதலில் வருகிறது என்று உணவு வரலாற்று அறிஞர் கே.டி. அசயா எழுதினார்.

அரிசியும் உளுந்தும் சேர்ந்து புளித்து ஆவியில் வெந்த இட்டலி, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நம் சிற்றூர்களில் பண்டிகை நாள் பலகாரமாகவே இருந்தது. அன்றாடம் பழைய சோறும் கேழ்வரகுக் கூழும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இட்டலி. உளுந்தின் விலை ஒரு காரணம். ஆட்டுக்கல்லில் மணிக்கணக்காக மாவாட்டும் உழைப்பு மற்றொரு காரணம். 1955இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி மாவரைக்கும் எந்திரத்தை உருவாக்கிய பிறகு, அந்த உழைப்பு மெல்லமெல்லக் குறைந்தது. பண்டிகைப் பலகாரம் நாள்தோறும் கிடைக்கும் உணவாயிற்று. குழந்தைகளுக்கு இதனால் விளைந்த நன்மை பெரிது. புளிக்கும்போது தானியத்திலும் பருப்பிலும் உள்ள பைட்டிக் அமிலம் குறைகிறது. அதனால் இரும்பும் துத்தநாகமும் உடலில் எளிதாகச் சேர்கின்றன. ஆவியில் வெந்த மென்மை ஈறுக்கும் நாவுக்கும் இசைகிறது.

பண்டிகை உணவுக்குள் குழந்தைக்கு ஓர் இடம் எப்படி ஒதுக்கப்பட்டது என்பதுதான் என் வினாவின் மையம். இங்கே ஏடுகளைவிட அடுப்படியே நல்ல சாட்சி. எங்கள் பகுதியில் மூன்று சமயத்தார் வீடுகளிலும் நான் கண்ட முறை ஒன்றே. தீபாவளியன்று இட்டலித் தட்டின் ஒரு குழி பிள்ளைக்கு. உப்புக் கரைக்கும் முன்பே அதற்கான மாவு தனியே எடுத்து வைக்கப்படும். பொங்கலன்று பாகு சேர்க்கும் முன் குழைந்த பச்சரிசியும் பாசிப்பருப்பும் ஒரு கரண்டி கிண்ணத்துக்கு வரும், மேலே நெய். விண்ணேற்பு அன்னைக்கு ஆகஸ்டு 15ஆம் நாள் விழா எடுக்கும் நெல்லித்தோப்புக் கத்தோலிக்கக் குடும்பங்களில், கிறிஸ்துமஸ் காலையில் பெரியவர்களுக்கு ஆப்பமும் கறிக்குழம்பும். ஆப்பத்தின் பஞ்சு போன்ற நடுப்பகுதி மட்டும் தேங்காய்ப் பாலில் ஊறிப் பிள்ளைக்குச் செல்லும். ரவையும் வெண்ணெயும் முட்டையும் ரம்மில் ஊறிய உலர்பழங்களும் சேர்ந்த புதுச்சேரிக் கேக்கான விவிக்கம், பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்கும். நோன்புப் பெருநாள் காலையில் சேமியா பாலில் வெந்ததும், சர்க்கரை விழுவதற்கு முன் ஒரு கிண்ணம் பிரியும்.

ஆக, பிள்ளைக்கென்று தனி உணவு சமைக்கப்படவில்லை. குடும்பத்தின் பண்டிகை உணவே, காரமும் உப்பும் பாகும் சேர்வதற்கு முந்தைய நிலையில், பிள்ளைப் பங்காகப் பிரிக்கப்பட்டது. அதே அடுப்பு, அதே பானை, அதே மணம். பெரியவர்கள் உண்பதையே தானும் உண்கிறோம் என்று குழந்தை அறியும்.

*

இந்தப் பிணைப்பைத் தளர்த்தியது டப்பா உணவு. 1867இல் சுவிட்சர்லாந்தின் வெவே நகரில் ஹென்றி நெஸ்லே, பாலையும் கோதுமை மாவையும் சர்க்கரையையும் சேர்த்து ஒரு மாவை விற்கத் தொடங்கினார். தாய்ப்பால் கிடைக்காத சிசுக்கள் பெருமளவில் இறந்த காலம் அது. நோக்கத்தைக் குறை சொல்ல இயலாது. இந்தியாவில் 1960இல் அமுல் குழந்தைப் பால்மாவு வந்தது. எருமைப் பாலிலிருந்து அதைச் செய்யும் முறை மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது. அதுவும் ஒரு சாதனைதான். சிக்கல் விளம்பரத்தில் வந்தது. டப்பாவில் உள்ளதே அறிவியல், அடுப்பில் உள்ளது அறியாமை என்ற எண்ணம் நடுத்தர வீடுகளில் வேரூன்றியது. 1992இல் இந்திய நாடாளுமன்றம் இயற்றி 2003இல் திருத்திய சட்டம், இரண்டு வயது வரையிலான குழந்தை உணவுகளுக்கு விளம்பரம் செய்வதைத் தடைசெய்தது.

இனிப்பைப் பற்றிய வழக்கும் டப்பாவை விட்டுவிடவில்லை. 2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் பப்ளிக் ஐ என்னும் அமைப்பு வெளியிட்ட அறிக்கை, இந்தியாவில் விற்கும் செரிலாக் வகைகளில் ஒரு வேளைப் பங்குக்குச் சராசரியாக ஏறத்தாழ 3 கிராம் சர்க்கரை சேர்க்கப்பட்டிருப்பதாகக் கூறியது. அவ்வாண்டு அக்டோபரில், சர்க்கரை சேர்க்காத வகைகளையும் இந்தியாவுக்குக் கொண்டுவருவதாக அந்நிறுவனம் அறிவித்தது. பண்டிகையன்று ஒரு விள்ளல் அதிரசத்துக்கு வழக்காடும் நாம், நாள்தோறும் கரண்டியில் போகும் சர்க்கரையை நெடுங்காலம் கேள்வி கேட்கவில்லை.

மருத்துவம் இன்று சொல்வது இது. ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும். பிறந்த குழந்தையின் நாவில் சேனை தொட்டு வைப்பதும் கூடாது. ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய நுண்ணுயிரி வித்துகள் சிசுவின் குடலில் வளர்ந்து நஞ்சாகும் என்பது 1976இல் கண்டறியப்பட்டது. ஒரு வயது வரை உப்பும், இரண்டு வயது வரை சர்க்கரையும் வெல்லமும் வேண்டாம். முழு நிலக்கடலையும் முந்திரியும் மூச்சுக்குழலில் சிக்கும் ஆபத்து ஐந்து வயது வரை உண்டு. ஆறாம் மாதத்தில் சோறூட்டுவதை கிருஹ்ய சூத்திரங்கள் விதித்தன. அந்தக் கணக்கில் மருத்துவமும் மரபும் ஒத்துப்போகின்றன.

இனிப்பில் மட்டும் அவை பிரிகின்றனவா? மரபின் ஒரு பகுதி அதிரசத்தைக் கொடு என்கிறது. யசோதையே அதற்குச் சாட்சி. ஆனால் மரபில் பாண்டியனின் நெய்ச்சோறும் உண்டு. வள்ளுவரின் கூழும் உண்டு. மக்களின் சின்னஞ்சிறு கை துழாவிய கூழ் அமுதத்தைவிட இனியது என்றுதான் 64ஆம் குறள் சொல்கிறது. எளியவர் வீட்டு உணவு கூழ். அதில் வெல்லம் கலந்ததாக வள்ளுவர் சொல்லவில்லை. அந்த இனிமை கையிலிருந்து வந்தது. அதுவும் குழந்தைக்கு அன்று, பெற்றவர்களுக்கு.

*

நான் அலமாரியிலிருந்து திரும்பியபோது வழக்கு தானே முடிந்திருந்தது. உப்பில்லா மாவில் அவித்த ஓர் இட்டலியை நெய் தொட்டு, விரல் விரலாகக் கிள்ளி, வாழையிலைத் துண்டில் பேத்தியின் முன் வைத்திருந்தார்கள். அவள் அதைப் பிசைந்து, பாதியைப் புதுச்சட்டையில் பூசி, மீதியை உண்டுகொண்டிருந்தாள். அதிரசத்தை என் மனைவியே தின்றுகொண்டிருந்தாள். "அடுத்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் குடுக்கலாம்" என்றாள் மகள். எண்ணிப் பார்த்தேன். அந்தத் தீபாவளிக்கு அவளுக்கு இரண்டே முக்கால் வயதாகியிருக்கும்.