'இழப்பீடு' எப்படி 'தொகை' ஆச்சு?

போன வாரம் அப்பா போன் பண்ணினார். எங்க மூணு ஏக்கர்ல ரெண்டு சர்வே கல் நட்டுட்டுப் போயிருக்காங்களாம். மாநில நெடுஞ்சாலைக்குப் புறவழிச்சாலை வருதாம். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "ஏம்ப்பா, பட்டா நம்ம பேர்ல இருக்கு. முடியாதுன்னு சொல்ல வழியே இல்லையா?"

நான் வக்கீல் இல்லை, பொட்டி தட்டுறவன். யாரோ எழுதின புரோகிராம் கைக்கு வந்தா, யார் எப்போ எந்த வரியை மாத்தினாங்கன்னுதான் முதல்ல பார்ப்பேன். அரசியல் சட்டத்தையும் அப்படியே பார்த்தேன். ரெண்டு ராத்திரி தூக்கம் போச்சு. :-)

1950-ல் வந்த முதல் வெர்ஷன்ல சொத்துரிமை ஒரு அடிப்படை உரிமை. 19(1)(f)-ம் 31-ம் பிரிவுகள் அதைச் சொல்லின. பொது நோக்கத்துக்காக அரசாங்கம் நிலத்தை எடுக்கலாம், ஆனா இழப்பீடு கொடுக்கணும். எடுக்கும் முறை என்னவோ வெள்ளைக்காரன் போட்ட 1894 சட்டப்படிதான்.

முதல் மோதல் ஜமீன்தார்களோட. பீகார் நிலச் சீர்திருத்தச் சட்டத்துல சின்ன ஜமீனுக்கு வருமானத்தைப் போல 20 மடங்கு, பெரிய ஜமீனுக்கு 3 மடங்கு இழப்பீடு. இது சமத்துவத்துக்கு எதிரானதுன்னு 1951 மார்ச்சில் பாட்னா உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே தள்ளிடுச்சு. அதே வருஷம் முதல் திருத்தம் வந்தது. ஒன்பதாம் அட்டவணைன்னு ஒரு பெட்டி செஞ்சு, 13 சட்டங்களை உள்ளே வெச்சுப் பூட்டினாங்க. ஜமீன் ஒழியணும்ங்கறதுல எனக்கு ரெண்டாவது கருத்து கிடையாது. ஆனா பெட்டி பெரிசாகிட்டே போச்சு.

1953-ல் பேலா பானர்ஜி வழக்கு. மேற்கு வங்கத்துல நிலத்தை எப்போ எடுத்தாலும் 1946 டிசம்பர் 31 விலைக்கு மேல தரமாட்டோம்னு சட்டம். உச்ச நீதிமன்றம் ஒத்துக்கலை. இழப்பீடுன்னா இழந்ததுக்கு நியாயமான ஈடுன்னு சொல்லிடுச்சு. உடனே 1955-ல் நாலாவது திருத்தம்: போதுமா போதாதான்னு கோர்ட் கேட்கக் கூடாது.

அடுத்தது நம்ம ஊர்க் கதை. வீட்டு வசதித் திட்டத்துக்கு நிலம் எடுக்க 1961-ல் சென்னை மாகாண அரசு 1894 சட்டத்தைத் திருத்தியது. அறிவிப்பு நாள் விலை, அதுக்கு முந்தின அஞ்சு வருஷ சராசரி விலை, இதுல எது குறைச்சலோ அதுதான் கிடைக்கும். மேல தர்ற ஆறுதல் தொகையும் 15 சதவீதத்திலிருந்து 5 ஆச்சு. வஜ்ரவேலு முதலியார் வழக்கு போட்டார். 1964-ல் நீதிபதி சுப்பாராவ் தீர்ப்பு எழுதினார். இழப்பீடு குறைச்சல்ங்கற வாதம் நிக்கலை, நாலாவது திருத்தம் அதுக்குக் குறுக்கே நின்னது. ஆனா ஆஸ்பத்திரிக்கு எடுத்தா ஒரு கணக்கு, வீட்டு வசதிக்கு எடுத்தா வேற கணக்கான்னு சமத்துவப் பிரிவைக் காட்டிச் சட்டத்தைத் தள்ளினார். பெரிய ஜமீனைக் காப்பாத்தின அதே வாதம்தான், இந்தத் தடவை நகரத்தோரத்து நிலக்காரருக்கு உதவிச்சு.

1970-ல் வங்கி தேசியமய வழக்கில் தோத்த மத்திய அரசு, 1971-ல் 25-வது திருத்தம் கொண்டு வந்தது. 31(2)-ல் 'இழப்பீடு'ங்கற வார்த்தையை எடுத்துட்டு 'தொகை'ன்னு போட்டாங்க. அவ்ளோதான், ஒரே வார்த்தை! இழப்பீடுன்னா எதுக்கு ஈடுன்னு ஒரு கேள்வி வரும். தொகைன்னா எந்தக் கேள்வியும் வராது.

1973-ல் கேசவானந்த பாரதி தீர்ப்பு அடிப்படைக் கட்டமைப்பைக் காப்பாத்துச்சு, ஆனா சொத்துரிமை அதுக்குள்ள வரலை. 1978-ல் ஜனதா அரசின் 44-வது திருத்தம் 19(1)(f), 31 ரெண்டையும் நீக்கி, 300A-ன்னு ஒரே வரியை வெச்சது: சட்டத்தின் அதிகாரம் இல்லாம யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது.

1894 சட்டம் 2014 ஜனவரி 1 வரைக்கும் உயிரோட இருந்தது. அன்னிக்கு அமலான 2013-ம் வருஷச் சட்டம் சமூகத் தாக்க ஆய்வைக் கட்டாயமாக்கி, சந்தை மதிப்புக்குச் சமமா ஆறுதல் தொகையும் தந்தது. தமிழ்நாடு 105A-ன்னு ஒண்ணைச் சேர்த்து, 2001 நெடுஞ்சாலைச் சட்டம் உட்பட தன்னோட மூணு சட்டங்களுக்கு விலக்கு வாங்கிக்கிச்சு. இழப்பீடு புதுக் கணக்கு, நடைமுறை பழைய கணக்கு. 2019-ல் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டங்கள் செல்லாதுன்னது. அதே வருஷம் சட்டசபை உயிர் கொடுத்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதைச் சரின்னு ஏத்துக்கிச்சு.

அப்பாவுக்கு என்ன சொல்ல? முடியாதுன்னு சொல்ற உரிமை நமக்கு 1950-லயே கிடையாது. கேள்வி கேட்கிற உரிமை இருக்கு. நோட்டீஸ், விசாரணை, காரணம் சொல்லும் உத்தரவு, பொது நோக்கம், நியாயமான இழப்பீடு இதெல்லாம் 300A-க்குள்ளேயே அடங்கும்னு 2024 மே மாசம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. இன்னொண்ணு: உச்சவரம்புக்குள்ள சொந்தமா உழுது சாப்பிடறவன் நிலத்துக்குச் சந்தை விலைக்குக் குறையக் கூடாதுன்னு 1964-ல் 31A-ல் சேர்த்த வரியை யாரும் இன்னும் அழிக்கலை.

இதை எல்லாம் போன்ல சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "அப்ப ஆட்சேபணை மனு எழுதணும், அவ்ளோதானே? ஞாயித்துக்கிழமை வந்து எழுதிக் கொடு"ன்னார். டிக்கெட் போட்டாச்சு.